அந்நிய மண்ணில் ஒரு கதிரை

அறவியல் என்றதும் கொலை, பொய், கடமை, தியாகம் முதலான பெரும் பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஒருவன் தன் அறையில் எத்தகைய கதிரையைப் போட்டிருக்கின்றான் என்பதும் அறவியல் ஆராய்ச்சிக்கு உரியதோ என்று வினவின், சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும், பிறநாடொன்றிற் குடியேறிய ஒருவன் மலிவானதும் அழகானதுமான வீட்டுத் தளபாடங்களைத் தேடிக் கடைத்தெருவுக்குப் புறப்படும்போது, அவனை எதிர்கொள்ளும் சிக்கல் வரவு செலவுக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. என்றோ ஒருநாள் விட்டுச் செல்லப்போவதாகத் தான் நம்பும் இடத்தை அழகுபடுத்த அவனுக்கு நியாயம் உண்டா? ஊரிலே பலர் தன் கையை எதிர்பார்த்திருக்க, இங்கே அழகுக்கெனப் பணத்தைச் செலவிடல் தகுமா? அவன் பெறும் மலிவு எங்கிருந்து வருகின்றது? அதன் எஞ்சிய விலையைச் செலுத்துபவர் யார்? 1983ஆம் ஆண்டின் பின்னர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ நேர்ந்த இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் இவ்வினாக்களை எதிர்கொண்டனர். மெய்யியல் மொழியில் அவர்கள் இவற்றை எழுப்பவில்லை; எனினும் அவர்தம் வீடுகளில் விடைகள் உள்ளன. அலுமாரியின் மேல் முப்பது ஆண்டுகளாக இறக்கப்படாதிருக்கும் பயணப்பெட்டி ஒரு விடை. பிளாஸ்ரிக் உறை கழற்றப்படாத தோல் இருக்கை மற்றொரு விடை.

அந்நிய மண்ணில் தளபாடம் தேடுதல் புதிய செயலன்று. நாம் நாடோறும் வழங்கும் கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்னும் சொற்கள் யாவும் போர்த்துக்கேயர் வழி நமக்கு வந்தவை. சொந்த நாட்டை விட்டுக் கடல் கடந்து வந்து இங்கே தங்கியவர்கள், பாயிலும் திண்ணையிலும் இருந்து பழகாதவர்களாய், தமக்கு வேண்டியவற்றை இந்நாட்டுத் தச்சரைக்கொண்டு செய்வித்தனர். அவர்களுக்குப் பின், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரும் அவ்வாறே செய்தனர். ஒல்லாந்தில் வழங்கிய வடிவமும், இலங்கைக் காட்டின் கருங்காலியும் முதிரையும், உள்ளூர்த் தச்சனின் கைத்திறனும் சேர்ந்து பிறந்த கதிரைகளும் பெட்டகங்களும் கொழும்புப் புறக்கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் கால அரும்பொருட்காட்சியகத்திற் சேர்க்கப்பட்டுள்ளன. கருங்காலிக் கதிரைகள் பற்றி ஒரு சுவையான செய்தியும் உண்டு. கிழக்கு நாடுகளில் ஐரோப்பியருக்கெனச் செய்யப்பட்டு இங்கிலாந்தை அடைந்த அத்தகைய கதிரைகளை, 18ஆம் நூற்றாண்டில் ஹொறஸ் வால்போல் என்னும் எழுத்தாளர் ரியூடர் மன்னர் காலத்து ஆங்கிலக் கைவேலை என்று நம்பித் தமது ஸ்ரோபெரி ஹில் மாளிகைக்கெனத் தேடித் தேடி வாங்கினார். மனிதருக்கு எளிதிற் கிட்டாத குடியுரிமை கதிரைகளுக்கு இலகுவிற் கிடைத்துவிடுகின்றது!

ஆயின், அன்று இங்கு வந்த ஒல்லாந்தனும் பின்னாளில் ஒல்லாந்துக்குச் சென்ற தமிழனும் ஒரே நிலையினர் அல்லர். முன்னவன் அதிகாரத்தோடு வந்தான். காடும் மரமும் தச்சனின் உழைப்பும் அவன் விருப்பத்துக்கு வளைந்தன. பின்னவன் அடைக்கல விண்ணப்பத்தோடு சென்றான். பிறர் ஒதுக்கிக் கொடுத்த கட்டிலில் அவன் படுத்தான். எனவே, குடிபெயர்ந்தவன் அழகிய தளபாடம் தேடுகின்றான் என்ற ஒரே வசனம், அதிகாரமுடையவன் திறத்தில் ஒரு பொருளும் அஃதற்றவன் திறத்தில் வேறொரு பொருளும் தருகின்றது. இக்கட்டுரையில் நாம் கருதுவது பின்னவனையே.

அவனுக்கு எதிராக எழும் முதல் வழக்கு நம் இலக்கிய மரபிலிருந்தே வருகின்றது. பொருள்வயிற் பிரிவைப் பாடிய சங்கப் புலவர், தலைவன் கடந்து சென்ற பாலை வழியை விரித்துரைத்தனர். அவன் நீங்கிய இல்லத்தையும் விரித்துரைத்தனர். அவன் சென்று தங்கிய இடத்தை, ஆங்கு அவன் படுத்த பாயை, உண்ட கலத்தை அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பிரிந்து சென்ற இடம் வாழுமிடமாகக் கருதப்படவில்லை போலும். நெடுநல்வாடையில் நக்கீரர் அரசியின் கட்டிலை, அதன் யானைத் தந்த வேலைப்பாடு முதல் மேலே விரித்த மெத்தை வரை, ஒரு தச்சன் கேட்டுப் பாராட்டத்தக்க நுட்பத்தோடு வருணிக்கின்றார். பழந்தமிழில் ஒரு தளபாடம் இத்துணை விரிவாகப் பேசப்பட்டமை அரிது. ஆனால் அக்கட்டிலிற் கிடப்பவள் அணிகளைக் களைந்தவளாய்க் கண்ணீர் வடிக்கின்றாள். அவள் கணவனோ பாசறையில் நள்ளிரவிலும் துயிலாது, புண்பட்ட வீரரைப் பார்த்துத் திரிகின்றான். அழகிய கட்டில் பிரிவுத் துயரைத் தணிக்கவில்லை. பிரிந்திருக்குங் காலத்தில் அணியையும் பூவையும் நீக்கியிருத்தலே அன்பின் அடையாளம் என்ற நம்பிக்கை அப்பாட்டின் அடியில் உள்ளது. புலம்பெயர்ந்தோர் வீடுகளின் வெறுஞ் சுவர்களுக்குப் பின்னாலும் இதே நம்பிக்கை நிற்கின்றது என்பது என் எண்ணம். ஊரிலே குண்டு விழும்போது இங்கே திரைச்சீலைக்கு நிறம் தெரிந்தெடுப்பதா என்ற கூச்சம், வறுமையினால் மட்டும் வருவதன்று.

இக்கூச்சத்தை நாம் இழிவாகக் கருதலாகாது. எனினும் அம்மரபிலே பிரிவுக்கு ஓர் எல்லை இருந்தது என்பதை மறத்தலும் ஆகாது. கார்காலத்தில் மீள்வேன் என்று தலைவன் பருவம் குறித்துச் சென்றான். போர் முடிந்ததும் பாசறை கலைந்தது. 1983, 1990, 1995 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளால் வெளியேறியவர்களுக்கு அவ்வாறு குறித்த பருவம் எதுவும் இல்லை. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. முடிந்த பின்பும் பெரும்பாலோர் மீளவில்லை. எல்லையுள்ள பிரிவுக்கென அமைந்த ஒழுக்கத்தை எல்லை தெரியாத பிரிவின் மேற் சுமத்தினால், சிலநாள் நோன்பாக இருக்க வேண்டியது வாழ்க்கை முழுவதையும் விழுங்கிவிடும். மேலும், நோன்பை ஏற்றவர் பெற்றோர். அதற்குள்ளே பிறந்த பிள்ளைகள் எதையும் ஏற்கவில்லை. தந்தைக்குப் பாசறையாக இருக்கும் அந்த மூன்றாம் மாடி வீடு பிள்ளைக்கு ஊர். அதன் நினைவில் நிற்கப்போகும் முற்றமும் மாமரமும் அந்தக் கூடமும் அங்குள்ள மேசையுமே.

பிரிவின் துயரைச் சாராத மற்றொரு மறுப்பும் உண்டு. ஹிற்லரின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த தியோடர் அடோர்னோ, 1951இல் வெளியான மினிமா மொறாலியா என்னும் நூலில், இக்காலத்தில் உண்மையான குடியிருப்பு என்பது இயலாததாகிவிட்டது என்றும், சொந்த வீட்டிலும் முழுமையான உரிமை நிறைவோடு திளைக்காதிருத்தலே அறத்துக்கு இயைந்தது என்றும் கருதுகின்றார். உலகிற் பலர் வீடற்றிருக்கத் தன் வீட்டு வசதியிற் கண்ணயர்பவனைத் தட்டி எழுப்பும் கருத்து அது. ஆயின் உறங்க இடமற்றவனிடம் சென்று விழித்திரு என்று அறிவுறுத்துவதிற் பயனில்லை. அதே ஆட்சிக்குத் தப்பி 1941இல் நியூயோர்க்கை அடைந்த ஹன்னா ஆரென்ற் நமக்கு அதிகம் பயன்படுகின்றார். 1958இல் வெளிவந்த மனித நிலைமை பற்றிய நூலில், மனிதன் ஆக்கிய பொருள்களின் நிலைபேறே நிலையற்ற மனித வாழ்வுக்கு ஓர் ஊன்றுகோல் என்று அவர் காட்டுகின்றார். சுற்றியிருப்போரை ஒருங்கே இணைக்கவும் அதேவேளை பிரித்து வைக்கவும் வல்லது மேசை என்பது அவர் காட்டும் உவமை. இதனை உவமையாக அன்றி நேர்ப்பொருளாகவே கொள்ளலாம். வேலை முறைக்கேற்ப வெவ்வேறு நேரங்களில், கட்டில் விளிம்பிலிருந்து, தட்டை மடியில் வைத்து உண்ணும் நால்வர் ஓர் அறையில் இருக்கின்றனர். அங்கே ஒரு மேசை வந்தபின் ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கத் தொடங்குகின்றார்.

இனி வருவதே வலிய வழக்கு. நோர்வேயின் வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலையிலும் சுவிற்சர்லாந்தின் உணவகச் சமையலறையிலும் நின்று உழைத்தவனின் ஊதியம் அவனுடையது மட்டுமன்று. பயண முகவருக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியது. வீட்டு உறுதி ஈட்டில் இருந்தது. தங்கையின் சீதனம், தம்பியின் பயணம், தந்தையின் மருத்துவம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேவைகள் காத்திருந்தன. நல்லதொரு கதிரையின் விலை ஊரில் ஒரு குடும்பத்தின் பல நாட் சாப்பாடு என்ற கணக்கை அவன் கடை வாசலிலேயே போட்டுப் பார்த்தான், பார்த்துவிட்டுத் திரும்பினான். அவுஸ்திரேலிய மெய்யியலாளர் பீற்றர் சிங்கர், வங்காள அகதிகளின் அவலத்தை முன்னிட்டு 1972இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒப்பிடத்தக்க இழப்பு எதுவுமின்றிப் பிறர் பெருந்துன்பத்தைத் தடுக்க இயலுமாயின் அவ்வாறு செய்தல் கடமை என்று வாதித்தார். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்றும் விவாதிக்கும் இக்கொள்கையை, அதன் பெயரையும் அறியாத நம் இளைஞர் பலர் தம் சம்பள நாளில் நிறைவேற்றி வந்தனர். அவர்களைப் பார்த்து அழகுணர்வு போதாதவர் என்று கூறுபவன், அவர்களின் வாழ்வை அறியாதவன்.

ஆகவே, கடன் தீரும் வரை கதிரை காத்திருக்கட்டும் என்ற முடிவில் தவறில்லை. சிக்கல் அதன் பின்னரே தொடங்குகின்றது. தேவைகளுக்கு முடிவில்லை, ஒன்று தீர மற்றொன்று எழும். முடிவில்லாத கடமைக்குத் தன்னை முற்றாக ஒப்புக்கொடுத்தவன் காலப்போக்கிற் பணம் அனுப்பும் கருவியாகவே ஊரவரால் மதிக்கப்படுகின்றான். தானும் தன்னை அவ்வாறே மதிக்கத் தலைப்படுகின்றான். எந்த மனிதனையும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்ற இம்மானுவேல் கான்றின் விதி, பிறரைப் பற்றியது மட்டுமன்று. ஒருவன் தன்னையும் அவ்வாறு கொள்ளலாகாது என்பதும் அதில் அடங்கும். நாள் முழுவதும் நின்ற கால்களுக்கு ஒரு நல்ல கதிரை வேண்டும் என்று அவன் கருதுவது தன்னலம் ஆகாது. தன்னையும் ஊரிலுள்ள தன் மக்களுள் ஒருவனாக அவன் எண்ணிக்கொள்ளும் கணம் அது.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணம் இல்லை என்ற காரணம் நம்மவரிடையே கதிரைக்கே பெரும்பாலும் சொல்லப்படுகின்றது. மண்டபம் எடுத்துச் செய்யும் பூப்புனித நீராட்டு விழாவுக்குச் சொல்லப்படுவதில்லை. முதுகை வருத்தும் கதிரையில் பத்தாண்டு இருந்து சாப்பிட்டவர்கள், விருந்தினர் கண்ணுக்கெனப் பெருந்தோல் இருக்கைத் தொகுதியொன்றைத் தவணைப் பணத்திற் கொள்வர். அஃது அறையின் பாதியை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் அதன்மேல் ஏறினால் அதட்டப்படுவர். ஊருக்கு அனுப்பும் புகைப்படங்களில் குடும்பம் அதன் முன்னே நிற்கும். ஆகவே, இங்கே குறைவாக இருப்பது பணம் மட்டும் என்று கூறிவிட இயலாது. அழகு யாருக்காக என்ற தெளிவும் குறைவாக உள்ளது.

தளபாடத்தின் அழகு எத்தகையது? கான்ற் 1790இல் வெளியிட்ட தீர்ப்பாற்றல் பற்றிய நூலில் இருவகை அழகைப் பிரித்துரைக்கின்றார். மலரின் அழகு எந்தப் பயனையும் கருதாது நம்மைக் கவர்வது. கட்டடம் முதலியவற்றின் அழகோ, அப்பொருள் எதற்காக உள்ளது என்ற எண்ணத்தைச் சார்ந்து நிற்பது. கதிரை இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. இருக்க இயலாத கதிரையை அழகிய கதிரை என்று சொல்ல நாக் கூசும். பிளேற்றோ தமது குடியரசின் பத்தாம் நூலில், தச்சன் செய்த கட்டிலை மெய்யான கட்டிலுக்கு அடுத்த படியிலும் ஓவியன் தீட்டிய கட்டிலை அதனினுந் தாழ்ந்த படியிலும் வைத்தமை யாவரும் அறிந்ததே. அவ்விவாதத்தின் நடுவே அவர் சொல்லும் மற்றொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை: ஒரு கருவியின் நன்மை தீமையை முற்றறிந்தவன் அதனைப் பயன்படுத்துவோன், செய்வோன் அவனிடங் கேட்டே செய்தல் வேண்டும். கூடத்திற் காட்சிக்கு நிற்கும் தோல் இருக்கை இவ்வகையில் பிளேற்றோவின் ஓவியக் கட்டிலுக்கே உறவு. அதனைப் பயன்படுத்துவோர் வீட்டில் இல்லை. அவர்கள் எப்போதாவது வரும் விருந்தினர்.

அழகு உரிமை என்று கொண்டாலும், மலிவு என்ற மற்றப் பாதி எஞ்சி நிற்கின்றது. அழகிய பொருள்கள் எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் முழங்கியவர்களுள் வில்லியம் மொறிஸ் முதன்மையானவர். 1861இல் அவர் நண்பரோடு தொடங்கிய நிறுவனம், எந்திரம் கெடுத்த சுவையைக் கைவேலையால் மீட்க முயன்றது. கைவேலைக்கு நியாயமான கூலி கொடுத்தால் பொருளின் விலை ஏறுகின்றது. ஏறிய விலையைச் செல்வரே கொடுக்க இயலும். சமதர்மவாதியான மொறிஸ் செல்வர் மாளிகைகளை அலங்கரிப்பவராகவே வாழ நேர்ந்தது. அந்த முரணை அவரே கசப்போடு உணர்ந்திருந்தார். அவர் வழிவந்த நம்மவர் ஆனந்த குமாரசுவாமியும் இதே முரணிற் சிக்கினார். இலங்கைக் கைவினைஞரின் அழிவுக்கு இரங்கி அவர் எழுதிய மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல், மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே இங்கிலாந்தின் புறோட் கம்டனில் அச்சிடப்பட்டு 1908இல் வெளிவந்தது. அச்சான பிரதிகள் 425. எந்தக் கைவினைஞனைப் பற்றி அந்நூல் பேசியதோ அவன் கைக்கு அஃது எட்டியிராது.

மறுபக்கத்தில் எந்திரத்தை நம்பியவர்கள் நின்றனர். ரைன் நதிக்கரையிற் பிறந்து வியன்னாவுக்குக் குடிபெயர்ந்த தச்சர் மிக்கேல் தோனற், நீராவியால் மரத்தை வளைத்து, 1859இல் 14ஆம் இலக்கக் கதிரையை உருவாக்கினார். ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு சுரைகள், அவ்வளவே அக்கதிரை. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீற்றர்ப் பெட்டிக்குள் 36 கதிரைகள் அடங்கும். கப்பலிற் போகத்தக்க கதிரை என்பதனால் அஃது உலகெங்குமுள்ள கோப்பிக் கடைகளுக்குச் சென்றது. மலிவாக இருந்தும் அழகிற் குறையவில்லை. வளைந்த அதன் முதுகைப் பார்த்தவர்கள், மலிவு என்றால் அவலட்சணம் என்ற கருத்தைக் கைவிட வேண்டியவராயினர். சுவீடனில் எலன் கேய் 1899இல் எல்லார்க்கும் அழகு என்ற பொருள்பட்ட தலைப்பில் நூலொன்றை வெளியிட்டு, அழகு செல்வரின் சிறப்புரிமை என்ற எண்ணத்தை மறுத்தார். அதே சுவீடனில் 1943இல் இங்வர் கம்பிராட் என்னும் பதினேழு வயது இளைஞர் தொடங்கிய இக்கேயா நிறுவனம் 1948இல் தளபாட விற்பனையில் இறங்கிற்று. 1956 அளவில், மேசையொன்றைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் காலைக் கழற்றியதிலிருந்து, பொருளைத் தட்டையாகப் பொதிசெய்து விற்கும் முறை அங்கே வளர்ந்தது என்பர். பூட்டும் வேலையை வாங்குபவன் தலையிற் போட்டதும், சுமை வண்டியில் வெற்றிடம் குறைந்ததும் விலையைத் தாழ்த்தின. ஐரோப்பாவில் தமிழ்க் குடும்பங்கள் பல தம் முதல் அலுமாரியைத் தரையிலே பரப்பி, சொல்லற்ற படவிளக்கத்தைப் பார்த்து, ஒரு மாலை முழுவதும் பூட்டின. மொழி தெரியாதவனும் படித்து முடிக்கத்தக்க நூலாக அந்தப் படவிளக்கம் அமைந்தது.

எனினும் விலைத் தாழ்வின் காரணங்கள் அத்தோடு முடியவில்லை. சுவீடனின் தளபாடத் துறையினர் புறக்கணித்தமையால் அந்நிறுவனம் 1960களின் தொடக்கத்திற் போலந்தை நாடியது. பின்னர்க் கிழக்கு ஜேர்மனியிலிருந்தும் பொருள் பெற்றது. கிழக்கு ஜேர்மனிச் சிறைகளில் அடைபட்டிருந்த அரசியற் கைதிகளின் கட்டாய உழைப்பு அப்பொருள்கள் சிலவற்றிற் கலந்திருந்தது என்பதை, அது தானே செய்வித்த விசாரணையின் முடிவாக 2012இல் ஒப்புக்கொண்டு வருத்தந் தெரிவித்தது. 2024இல் அவ்வாட்சியாற் பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்கு 60 இலட்சம் யூரோ வழங்க முன்வந்தது. மேற்கிலே தளபாடம் மலிந்திருந்த அக்காலத்தில், சுதந்திரம் தேடிக் குடிபெயர்ந்த ஏழை ஒருவன் வாங்கிய பொருளில், சுதந்திரம் கேட்டதற்காகச் சிறைப்பட்ட மற்றொருவனின் கை பட்டிருக்கக்கூடும். வாங்கியவனுக்கு அதை அறியும் வழி இல்லை. ஆகவே அவன்மேற் குற்றமும் இல்லை. ஆயின், மலிவு என்பது வானிலிருந்து விழும் கொடை என்று நம்புவதற்கு இனி நமக்கு உரிமை இல்லை. விலைச்சீட்டில் இல்லாத தொகையை யாரோ ஓரிடத்திற் செலுத்துகின்றனர்.

செலுத்துவோரில் வாங்குபவனும் ஒருவன். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, ஒருமுறை பூட்டிய இடத்தில் நின்றால் நெடுநாள் நிற்கும். அதனைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் பூட்டும்போது திருகாணி முன்போலப் பிடிப்பதில்லை. நீர் பட்டால் ஊதிப் பொருமும். அடிக்கடி வீடு மாற நேர்பவன் யார்? வதிவிட உரிமை உறுதியாகாத, வாடகை ஏறினால் இடம்பெயரும் குடியேறியவனே. ஒரே வீட்டில் நாற்பதாண்டு வாழும் சுதேசிக்கு மலிவாக முடியும் அலுமாரி, ஐந்து தடவை வீடு மாறுபவனுக்கு விலைகூடியதாக முடிகின்றது. ஏழைக்கு மலிவுப்பொருளே நட்டம் தருகின்றது என்ற பழைய உண்மையின் புதிய வடிவம் இது.

இதற்குச் சமூகம் செய்யத்தக்கது ஏதும் உண்டா என்று கேட்டால், ஒருமுறை செய்தே காட்டியது என்பது விடை. இரண்டாம் உலகப்போரில் மரம் அருகிய பிரித்தானியாவில், அரசு 1942இல் பயன்பாட்டுத் தளபாடத் திட்டம் ஒன்றை வகுத்தது. கோடன் றசல் முதலிய தேர்ந்த வடிவமைப்பாளர் அதிற் பங்குகொண்டனர். குறித்த அமைப்பில், குறித்த தரத்தில், கட்டுப்படுத்திய விலையிலேயே தளபாடம் செய்யலாம் என விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் அவற்றை வாங்கும் அனுமதி புதிதாக மணம் புரிந்தோருக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தோருக்குமே வழங்கப்பட்டது. 1952 வரை நீடித்த அத்திட்டத்தின் எளிய வடிவங்களை மக்களிற் பலர் விரும்பவில்லை. பூவேலை இல்லையே என்று குறைப்பட்டனர். அது வேறு விடயம். நம் நோக்குக்குரியது இதுவே: வீடிழந்தவனுக்குக் கிடைத்தது கழித்துவிட்ட பொருளாக இருக்கட்டும் என்று அச்சமூகம் கருதவில்லை, நாட்டின் தேர்ந்த வடிவமைப்பாளர் வரைந்த கதிரையில் இருக்க முதல் உரிமை அவனுக்கே என்று கருதிற்று. போர்க்காலத்துப் பிரித்தானியனுக்கு அவ்வுரிமை உண்டெனில், யாழ்ப்பாணத்திற் குண்டுவீச்சில் வீடிழந்தவனுக்கும் வன்னியில் அனைத்தையும் விட்டு நடந்தவனுக்கும் அஃது இல்லை என்று எவ்வாறு கூறுவது? மீள்குடியேற்ற வீடுகளைப் பற்றி எழுதும்போதும் நாம் கூரையையும் சுவரையும் எண்ணுகின்றோம். உள்ளே இருப்பதற்கு என்ன உண்டு என்று எண்ணுவதில்லை.

அத்தகைய திட்டம் எதுவும் இல்லாத இடத்திற் குடியேறியவன் கண்ட வழி, பிறர் பயன்படுத்திய பொருளை நாடுதல். 1980களில் மேற்கு ஜேர்மனியின் நகரங்கள் பலவற்றில், பெருங்கழிவு எடுக்கும் நாளுக்கு முந்திய மாலையில் மக்கள் தமக்கு வேண்டாத தளபாடங்களைத் தெருவோரம் வைப்பர். இருளும் நேரத்தில் அவற்றிடையே நல்லதைத் தேர்ந்து தூக்கிச் சென்றவருள் நம்மவரும் இருந்தனர். சுவிற்சர்லாந்தில் இதற்கெனவே புறொக்கன்ஹவுஸ் எனப்படும் கடைகள் உள்ளன. ஜேர்மனியின் பேத்தல் என்னுமிடத்திற் கிறித்தவப் பணியாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய சேகரிப்பு முறையிலிருந்து அவை வளர்ந்தன. சூரிச் நகரின் கடை 1904 முதல் இயங்கிவருகின்றது. துண்டு துணிக்கை என்னும் பொருளுடைய அப்பெயர், இயேசு ஐயாயிரவருக்கு அப்பம் பகிர்ந்தபின் எஞ்சியவற்றை வீணாகாது சேர்க்கச் சொன்ன யோவான் சுவிசேஷச் செய்தியை நினைந்து இடப்பட்டது. அங்கே மலிவின் இயல்பே வேறு. ஓக்கு மரத்தில் இணைப்பு வெட்டிப் பூட்டிய மேசை, அதன் சொந்தக்காரர் இறந்தபின், பேரப்பிள்ளைகளுக்கு அதன் பாரம் பிடிக்காமையால், புதிய துகட்பலகை மேசையிலும் குறைந்த விலைக்கு வருகின்றது. செய்தவனின் கூலி பல்லாண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. யாரையும் வருத்தாத மலிவு எங்கேனும் உண்டெனில், அதற்கு மிக அண்மையில் நிற்பது இதுவே.

நம்மவர் எல்லாரும் இதனை இலகுவில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறர் இருந்த கதிரையில் இருக்கலாம். ஆனால் இறந்தவர் படுத்த கட்டிலிற் படுப்பதா என்று தாய்மார் தடுத்தனர். தெருவில் எடுத்தது என்று அயலவர் அறிந்தால் மானம் போகும் என்ற அச்சம் வேறு. கட்டில் பற்றிய தடையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அத்தடையின் உள்ளே, பொருளில் அதனைப் பயன்படுத்தியவரின் வாழ்வு ஒட்டியிருக்கின்றது என்ற உணர்வு இருக்கின்றது. அவ்வுணர்வை இழந்தவன்தான் ஒவ்வோராண்டும் கதிரையை மாற்றித் தெருவில் எறிகின்றான். அந்தத் தாய்மாரே தம் பாட்டியின் பெட்டகத்தை ஊரிற் பொன்போலக் காத்தவர்கள். பெட்டகத்தில் ஒட்டியிருந்த உயிர் தம் குலத்து உயிர். ஓக்கு மேசையில் ஒட்டியிருப்பது பெயர் தெரியாத ஒரு கிழவியின் உயிர். மேசையின் ஓரத்திற் கத்தி பட்ட வடுவும், அடியில் ஒரு குழந்தை பென்சிலாற் கிறுக்கிய கோடும் இருக்கும். அவற்றைத் தேய்த்து அழிக்காமல், மேலே தன் பிள்ளையைக் கொப்பி விரித்து எழுத விடுபவன், அந்நாட்டின் குடியுரிமைப் பரீட்சையிற் கேட்கப்படாத ஒன்றை அறிந்துகொள்கின்றான். அவ்வூரின் இறந்தோரும் அவனுக்கு ஓரளவு உறவாகின்றனர். அழகு பற்றிய அவன் தீர்ப்பும் மாறுகின்றது. மினுக்கம் குறைந்த, கைபட்டு வழவழத்த மரம் அவன் கண்ணுக்கு இனிதாகத் தோன்றத் தொடங்குகின்றது. இதனைப் பண்பாட்டு இழப்பு என்று சிலர் கூறுவர். சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு அவர்கள் அவ்வாறு கூறும்போது, அக்கதிரை என்னும் சொல் வந்த வழியை அவர்கள் நினைப்பதில்லை.

1980களில் இருபதும் முப்பதும் வயதிற் சென்றவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துகொண்டிருக்கின்றனர். பிள்ளைகள் வேறு நகரங்களில் வேலைபெற்றுச் சென்றபின், படியேற இயலாத முழங்கால்களோடு, அவர்கள் சிறிய தொடர்மாடி வீடுகளுக்கு மாறுகின்றனர். அங்கே அந்தப் பெரிய மேசைக்கு இடமில்லை. ஊருக்கு அனுப்பினால் கப்பற்கூலி மேசையின் விலையிலும் அதிகமாகும். ஆகவே அது, முதலில் வாங்கிய அதே வகைக் கடைக்கே திரும்பிச் செல்கின்றது, ஓரத்திற் சற்று மஞ்சட்கறையோடு. அதனைச் சுற்றி இப்போது சிரியாவிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் உக்ரேனிலிருந்தும் வந்தவர்கள் நிற்கின்றனர். விலைச்சீட்டைப் பார்த்தபின் குனிந்து, கால்கள் ஆடுகின்றனவா என்று அழுத்திப் பார்க்கின்றனர்.